லாகின் பட்டியலை நிறுவனங்கள் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல காரியம். செல்லம்பட்டியில் இருக்கும் என் அம்மா அப்படி வந்த ஒரு கட்டத்தைக் கத்தரித்து, டெலிபோன் நம்பர் எழுதி வைக்கும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் அம்மா எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாத ஒரு ஓட்டையைப் போன வருடம் நான் என் கண்ணால் பார்த்தேன். அது மக்கள் பக்கம் இல்லை, நிறுவனத்தின் பக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநகரில் குடியிருக்கிறேன். டேட்டாபேஸ் வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. முதலில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் சம்பளக் கணக்கு, அப்புறம் இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் 7 வருடம். இப்போது வீட்டிலிருந்தே வேலை, தேவைப்பட்டால் நேரில் போய்ச் செய்து கொடுப்பேன். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய வாரம், மதுரையிலும் சுற்று ஊர்களிலும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. காலையிலிருந்து டாக்டர்கள் யாராலும் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியவில்லை, லாகின் பக்கத்தில் ‘இன்வேலிட் பாராமீட்டர்: ரீடைரக்ட் யூஆர்ஐ’ என்று வருகிறது என்றார்கள்.

அங்கே நோயாளிக்கு ஒரு ஆப், டாக்டர்களுக்கு ஒரு வெப்சைட், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன்களுக்கு ஒரு ஆப், பில் போட ஒரு சாஃப்ட்வேர். நாலுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைக்காமல் ஒரே லாகின் சர்வர் வைத்திருந்தார்கள். கீக்ளோக் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 2014இலிருந்து இருக்கிறது, இலவசம், பெரிய பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. கோளாறு அந்த மென்பொருளில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி லாகின் சர்வரை நம்பி ஓடும் ஒவ்வொரு ஆப்பையும் வெப்சைட்டையும் எங்கள் தொழிலில் கிளையன்ட் என்போம். ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனி செட்டிங்குகள் உண்டு. அதில் முக்கியமானது ரீடைரக்ட் முகவரி. நீங்கள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்ததும், ‘இவர் இன்னார்தான்’ என்பதற்கான ரகசியக் குறியீட்டை சர்வர் ஒரு முகவரிக்கு அனுப்பும். எந்த முகவரிக்கும் அனுப்பாது, பட்டியலில் எழுதியிருக்கும் முகவரிக்கு மட்டும்தான். தபால்காரர் பதிவுத் தபாலை உறையில் உள்ள முகவரியில்தானே கொடுப்பார், அது போல. அன்றைய கோளாறுக்குக் காரணமும் அதுதான். புதிதாக வந்த டிசைன் கம்பெனி டாக்டர்களின் வெப்சைட் முகவரியை மாற்றியிருந்தது. புது முகவரி பட்டியலில் இல்லை. சர்வர் கொடுக்க மறுத்தது சரிதான்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. நிர்வாக பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

“அந்தத் தம்பி பெங்களூர் போயிட்டாரு மேடம். அவரு கம்பெனியும் இப்ப எங்ககூட இல்ல” என்றார் மேலாளர்.

ஆனால் சர்வர் அவர்கள் கட்டடத்து மாடி அறையிலேயே இருந்தது. அதன் விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். நிர்வாகப் பக்கத்தில் நுழைய முடியாவிட்டாலும், செட்டிங் அத்தனையும் டேட்டாபேஸ் டேபிள்களில், அதாவது அட்டவணைகளில்தான் இருக்கும். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு புது யூசரை உருவாக்கி உள்ளே போனேன். எதையும் மாற்றும் அதிகாரம் என் கைக்கே வேண்டாம் என்று அப்படிச் செய்தேன். அவசரத்தில் போய் நிற்கும் இடத்தில் கை தவறும் என்பது அனுபவம்.

இங்கே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். இதே வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும். கீக்ளோக்கில் கிளையன்டுகள் ஒரு டேபிளிலும், ரீடைரக்ட் முகவரிகள் இன்னொரு டேபிளிலும் இருக்கும். இரண்டையும் ஒரு குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியில், இணைக்க வேண்டும். முதல் டேபிளில் ‘ஐடி’ என்று ஒரு பத்தியும் (அட்டவணையில் மேலிருந்து கீழே போகும் வரிசை) ‘கிளையன்ட் ஐடி’ என்று ஒரு பத்தியும் இருக்கின்றன. ஐடி என்பது சர்வர் தானே போட்டுக்கொள்ளும் நீளமான எண். கிளையன்ட் ஐடி என்பது நாம் வைக்கும் பெயர். முகவரி டேபிளிலும் ‘கிளையன்ட் ஐடி’ என்றே ஒரு பத்தி. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் இணைத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. முகவரிகளே பதிவாகவில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். உண்மையில் அந்த டேபிளில் கிளையன்ட் ஐடி என்ற பெயரில் இருப்பது முதல் டேபிளின் நீளமான ஐடி. பிழை செய்தி எதுவும் வராமல் வெற்றுப் பட்டியல் வந்தால், பார்ப்பவர் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. வெற்றுப் பட்டியல் வந்தால் முதலில் குவெரியைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. இரண்டு டேபிளிலும் பொருந்துவதை மட்டும் எடுக்கும் வெறும் ஜாயின் போட்டால், ரீடைரக்ட் முகவரியே இல்லாத கிளையன்டுகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மனிதர் யாரும் பாஸ்வேர்டு தட்டாமல், ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு நேராகப் பேசுவதற்காக உருவாக்கியவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நாம் முதலில் பார்க்க வேண்டியதே அவற்றைத்தான். முதல் டேபிளில் உள்ள எதையும் விடாமல் எடுக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டால்தான் அவையும் வரும். அப்புறம், அதே டேபிளில் ‘சீக்ரெட்’ என்ற பத்தியும் இருக்கிறது. கிளையன்டின் ரகசியச் சாவி அதில் மறைக்காமல் அப்படியே எழுதியிருக்கும். டேபிள் முழுவதையும் கேட்டால் அதுவும் திரையில் வந்து நிற்கும். அதை ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கதை முடிந்தது. அந்தப் பத்தியைக் கேட்காதீர்கள். காலியா, காலி இல்லையா என்று மட்டும் கேட்டால் போதும்.

சரி, பட்டியல் வந்தது. மொத்தம் 17 கிளையன்டுகள். 6 கீக்ளோக் தன் வேலைக்காகத் தானே வைத்துக்கொள்வது. மீதி 11. நிலையத்தார் தங்களுடையது என்று அடையாளம் காட்டியது 4.

யாருடையது என்று தெரியாத மீதி 7இல் ஒன்று, பழைய கம்பெனி ஆரம்பத்தில் செய்துகாட்டுவதற்காக வைத்த டெமோ. அதன் ரீடைரக்ட் முகவரி அந்தக் கம்பெனியின் பழைய டொமைன், அதாவது பழைய வெப்சைட் பெயர். அந்த டொமைனைப் போய்ப் பார்த்தேன். புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பணம் கட்டித் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் கிடந்தது. தபால்காரர் உதாரணத்தில் சொல்வதானால், கடையைக் காலி செய்து போய்விட்டார்கள், பட்டியலில் முகவரி அப்படியே இருக்கிறது, நாளைக்கு அந்தக் கடையை ஒரு திருடன் வாடகைக்கு எடுத்தால் பதிவுத் தபால் அவன் கையில்தான் போய்ச் சேரும்.

இன்னொன்றின் பெயர் ‘டெஸ்ட்’. அதன் முகவரிப் பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். எந்த முகவரியாக இருந்தாலும் கொடு என்று அர்த்தம். சீக்ரெட் கிடையாது. லாகின் ஆனதற்கான அனுமதிச் சீட்டான டோக்கனை நேராக முகவரியிலேயே ஒட்டி அனுப்பும் இம்ப்ளிசிட் என்ற பழைய முறையும் திறந்திருந்தது. முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும், அந்தப் பழைய முறையைத் தவிர்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற உலகப் பொது வழிகாட்டி சொல்கிறது. அதற்கு முன்பும் விவரம் தெரிந்தவர்கள் இப்படி விடமாட்டார்கள். சோதனைக்காக வைத்தேன், அப்புறம் எடுத்துவிடலாம் என்று ஒரு பையன் நினைத்திருப்பான். வேலை மாறிப் போய்விட்டான்.

இதனால் என்ன ஆகும் என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். திருடன் அம்மாவுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறான் என்று வையுங்கள். அந்த லிங்கில் இருப்பது நிலையத்தின் உண்மையான லாகின் முகவரி. பூட்டு அடையாளம் இருக்கும். எழுத்துப் பிழை இருக்காது. அம்மா பாஸ்வேர்டைப் போலிப் பக்கத்தில் தட்டவில்லை, உண்மையான பக்கத்தில்தான் தட்டுகிறார். ஓடிபி வந்தால் அதையும் அங்கேயேதான் போடுகிறார், யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் அறிவுரை ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. ஆனாலும் அந்த அனுமதி நட்சத்திரக் குறி வழியாகத் திருடன் சொன்ன முகவரிக்குப் போய்விடும். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. உசிலம்பட்டிக்கு வந்து ரத்தம் கொடுப்பது இதே நிலையத்தின் கிளையில்தான். பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

மூன்றாவதாக ஒன்று, எப்போதோ ஒரு மாதம் நடந்த சர்க்கரை நோய் முகாமுக்காகச் செய்த ஆப்புக்கானது. கிராமங்களில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால், ஒருமுறை லாகின் செய்தால் நீண்ட நாள் தாங்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். கீக்ளோக்கில் டோக்கன் சாதாரணமாக 300 வினாடி, அதாவது 5 நிமிடம்தான் செல்லும். இதில் 25,92,000 வினாடி என்று இருந்தது. கணக்குப் போட்டால் 30 நாள். அதோடு விடவில்லை. வழக்கமாக 10 மணி நேரத்தில் முடியும் மொத்த செஷன் காலத்தையும், அதாவது ஒருமுறை லாகின் செய்தால் அது அதிகபட்சம் தாங்கும் காலத்தையும், இதற்காக 30 நாளாக்கிவிட்டார்கள். அந்த செட்டிங் ஒரு ஆப்புக்கு மட்டும் உரியதல்ல, டாக்டர்கள், பில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். முகாம் முடிந்தது, பந்தலைப் பிரித்தார்கள், செட்டிங் மட்டும் அப்படியே நின்றது.

முகவரியே இல்லாத கிளையன்ட் என்று சொன்னேனே, அதுவும் ஒன்று இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நோயாளிகளின் போன் நம்பரைப் படிக்கும் அனுமதி அதற்கு இருந்தது. லெஃப்ட் ஜாயின் போடாமல் இருந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

மேலாளர் அவசரப்பட்டார். “ஒரே ஒரு வரிதானே மேடம், டேபிள்லயே மாத்தி விட்டுருங்களேன், டாக்டருங்க போன் பண்ணிட்டே இருக்காங்க” என்றார். முடியாது என்றேன். இந்த சர்வர் செட்டிங்கைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு ஓடும். டேபிளில் நேரடியாக மாற்றினால் அதற்கு உடனே தெரியாது. மாற்றம் பிடித்ததா இல்லையா என்று நமக்கும் தெரியாது. படிப்பதற்கு டேட்டாபேஸ், மாற்றுவதற்கு நிர்வாகப் பக்கம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அவர்களிடம் இருந்தது 26ஆம் பதிப்பு. அதில் தற்காலிக நிர்வாகியை உருவாக்க ஒரு கட்டளை இருக்கிறது. அன்று இரவு கூட்டம் ஓய்ந்த பிறகு சர்வரை அரை மணி நேரம் நிறுத்தி, அந்தக் கட்டளையைக் கொடுத்து, உள்ளே போய் டாக்டர்களின் புது முகவரியைச் சேர்த்தோம். காலையில் ரிப்போர்ட்டுகள் திறந்தன. என்னைக் கூப்பிட்ட வேலை அதோடு முடிந்தது.

ஆனால் அந்த 7 வரிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நிலையத்தை நடத்தும் பெரிய டாக்டரைப் பார்த்தேன். எழுபது வயதுக்காரர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“ஏம்மா, நான் கையெழுத்துப் போடாம இங்கேருந்து ஒரு ரிப்போர்ட் வெளிய போகாது. இதுக்கெல்லாம் யாரு கையெழுத்துப் போட்டது?” என்று கேட்டார்.

யாரும் போடவில்லை, ஐயா. அதுதான் பதில். ஒவ்வொரு கிளையன்டுக்கும் விளக்கம் எழுத ஒரு பத்தி இருக்கிறது. 11இல் இரண்டில்தான் ஏதோ எழுதியிருந்தது.

அவர் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. “இது வழியா யாராவது வந்துட்டுப் போயிருக்காங்களா?” என்றார். யார் எப்போது எந்த கிளையன்ட் வழியாக லாகின் செய்தார்கள் என்பதை டேட்டாபேஸில் சேமிக்கும் வசதி கீக்ளோக்கில் உண்டு. ஆனால் நாமாகத் திறந்துவிட்டால்தான் சேமிக்கும். இவர்கள் திறக்கவே இல்லை. அந்த டேபிளில் ஒரு வரிகூடக் கிடையாது. நடந்ததை சர்வர் எழுதி வைக்கும் லாக் ஃபைலும் சில நாளைக்கு மேல் தங்காமல் அழிந்துகொண்டிருந்தது. எத்தனையோ குடும்பங்களின் ரத்தப் பரிசோதனை விவரத்தை வைத்திருக்கும் ஒரு இடம், ‘யாரும் வரவில்லை’ என்று சொல்ல முடியாமல் நின்றது. அந்த அறையில் நானும் மேலாளரும் தலை குனிந்து நின்றோம்.

பெரிய டாக்டர் மழுப்பவில்லை. அன்றே 7ஐயும் முடக்கச் சொன்னார். உடனே அழிக்க வேண்டாம், முதலில் முடக்கிவைப்போம், ஏதாவது நின்றால் தெரியும் என்றேன். ஒரு மாதம் ஆகியும் எதுவும் நிற்கவில்லை. அதன் பிறகு அழித்தோம். உபயோகத்தில் இருந்த கிளையன்டுகளின் சீக்ரெட்டை மாற்றினோம். செஷன் காலத்தைப் பழையபடி 10 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். லாகின் விவரச் சேமிப்பைத் திறந்துவிட்டோம்.

ஆசிரியர் ஐயா, இது ஒரு நிலையத்தின் கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வேறு மூன்று இடங்களில் இதே குவெரியை ஓட்டினேன். மூன்றிலும் யாருடையது என்று தெரியாத கிளையன்டுகள் இருந்தன. நம் ஊரில் வாடகைக்கு இருந்தவர் சாவியைத் திருப்பித் தராமல் போனால், வீட்டுக்காரர் அன்று மாலையே டவுனுக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வருவார். அதே வீட்டுக்காரர் தன் கம்பெனி வெப்சைட்டைச் செய்தவர் போன பிறகு, அவரிடம் என்னென்ன சாவி இருந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம், அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு தரவை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் தலையில்தான். போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவில், தரவு கசிவு போன்ற சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. லாகின் விவரமே சேமிக்காத சர்வரில் சம்பவம் எப்படித் தெரியவரும்?

அதனால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், நகைச்சீட்டுக் கடை என்று மக்கள் லாகின் செய்யும் எந்த இடமாக இருந்தாலும், அதை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பவர் வெளி கம்பெனிக்காரராக இருக்கட்டும், பரவாயில்லை. படிப்பவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இது என்ன, யார் பொறுப்பு என்று அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியை முடக்க வேண்டும். கம்பெனி மாறும்போது, கடைசி பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போன பிறகு யாரும் போனை எடுக்கமாட்டார்கள். நீங்கள் வைத்திருப்பது கீக்ளோக்காக இல்லாமல் வேறு மென்பொருளாக இருந்தால் டேபிள்களின் பெயர் மாறும், ஆனால் கிளையன்ட், ரீடைரக்ட் முகவரி, சீக்ரெட், டோக்கன் காலம் எல்லாம் அதிலும் உண்டு. ஆட்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், நேரமில்லை என்பவர்களுக்குச் சொல்கிறேன்: குவெரி ஓட ஒரு நொடிகூட ஆகாது. பட்டியலைப் படித்து முடிக்க அந்த நிலையத்தில் எங்களுக்கு ஒரு மதியம் ஆனது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தரவு கசிந்த செய்தி போடும்போது, மக்கள் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற கட்டத்தோடு, அந்த நிறுவனம் தன் லாகின் பட்டியலைக் கடைசியாக எப்போது பார்த்தது என்ற கேள்வியையும் உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் எடுக்கிறார்கள். நான் போவதில்லை, ஐடி பார்க்கும் மேலூர்த் தம்பியே எடுத்துப் பெரிய டாக்டரின் மேஜையில் வைக்கிறார். போன தடவை 4 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தது. எனக்கு போன் செய்தார். “அக்கா, ஒண்ணு கூடியிருக்கு, லோக்கல்ஹோஸ்ட் முகவரி” என்றார். லோக்கல்ஹோஸ்ட் என்றால் சோதிப்பவரின் சொந்தக் கம்ப்யூட்டர். யாருடையது என்று விசாரிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். பில்லிங் கம்பெனிக்காரர் சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்.

முடக்கியாகிவிட்டது என்றார்.

குவெரியை ஒரு தாளில், எந்தப் பத்தியைக் கேட்கக் கூடாது என்பதோடு சேர்த்துத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு உங்கள் அலுவலகம் வழியாக அனுப்பித் தருகிறேன், பணம் வேண்டாம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் அது எந்த நிலையம் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகி,
திருநகர், மதுரை.